மைதானம் யார் பணத்தில், வீடு திரும்புவது எந்த ரயிலில்?

(நமது சங்கத்தின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"இந்த முறை பென்ஷன், வட்டி விகிதம், வருமான வரி எதுவும் வேண்டாம் சார். வேறு ஏதாவது பேசுங்கள்" என்று செயலாளர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அதனால் கால்பந்து பற்றிப் பேசப் போகிறேன். முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் லெட்ஜர் எழுதியவன் நான். கால்பந்து பேசினாலும் கோல் கணக்கை விட்டுவிட்டுக் கடன் கணக்கில்தான் போய் நிற்பேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் பிளாக்குகளில் சனிக்கிழமை ராத்திரி கண்விழித்து இங்கிலாந்து மேட்ச் பார்க்கும் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு எவர்ட்டன் என்ற பெயர் தெரியும். பெரியவர்களுக்காகச் சொல்கிறேன். லிவர்பூல் நகரத்தில் இரண்டு பெரிய கால்பந்து கிளப்புகள். ஒன்று லிவர்பூல், இன்னொன்று எவர்ட்டன். இரண்டில் மூத்தது எவர்ட்டன்தான். இன்று லிவர்பூல் ஆடும் ஆன்ஃபீல்டு மைதானத்தில் முதலில் ஆடியதும் அவர்களே. 1892-இல் வாடகைத் தகராறு வந்தது. எவர்ட்டன் மூட்டை கட்டிக்கொண்டு பக்கத்திலேயே குடிசன் பார்க் என்ற இடத்துக்குப் போனது. காலியான மைதானத்தை வைத்துக்கொண்டு அதன் உரிமையாளர் ஜான் ஹவுல்டிங் ஒரு புதுக் கிளப் ஆரம்பித்தார். அதுதான் லிவர்பூல். வீட்டுக்காரரும் குடித்தனக்காரரும் வாடகைக்குச் சண்டை போட்டதில் உலகத்துக்கு ஒரு பெரிய கிளப் கிடைத்தது!

அந்தக் குடிசன் பார்க்கில் எவர்ட்டன் 133 வருஷம் இருந்தது. நெருக்கமான தெருக்கள், ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள், மைதானத்தின் ஒரு மூலையில் ஒரு தேவாலயம். உள்ளே பழைய மர இருக்கைகள், பார்வையை மறைக்கும் தூண்கள். சுமார் 39,000 பேர் உட்காரலாம். பெரிய கிளப்புகள் எல்லாம் புது மைதானம் கட்டி அதிக டிக்கெட் விற்றுச் சம்பாதிக்கும்போது, இவர்கள் இடமில்லாமல் திணறினார்கள். மாற வேண்டும் என்பதில் பெரும்பாலானவர்களுக்குச் சந்தேகம் இல்லை. எங்கே, எப்படி, யார் காசில் என்பதில்தான் இருபது வருஷத்துக்கு மேல் வாதம் ஓடியது. அந்த வாதத்தில் ரசிகர்கள் கேட்ட கேள்விகள் நம்மைப் போல ஒரு சங்கமாக வாழ்கிறவர்களுக்கும் உதவும் என்று எனக்குத் தோன்றியது. அதனால்தான் இந்தத் தலைப்பை எடுத்தேன்.

முதல் முயற்சி, கிங்ஸ் டாக். நகரத்தின் நடு மையம், மெர்சி ஆற்றங்கரை. 55,000 பேர் உட்காரும், மேற்கூரை மூடித் திறக்கும் மைதானம் என்று திட்டம். இடம் பிரமாதம், போக்குவரத்தும் கைக்கெட்டிய தூரம். எவர்ட்டன் தன் பங்காகப் போட வேண்டியது 3 கோடி பவுண்டு. அந்தப் பணத்தைக் குறித்த காலத்துக்குள் திரட்ட முடியவில்லை. 2003-இல் திட்டம் கைவிட்டுப் போனது. அந்த இடத்தில் பிறகு வேறோர் அரங்கம் கட்டி 2008-இல் திறந்தார்கள். இன்றைக்கும் பழைய ரசிகர்கள் இதைப் பேசிப் பெருமூச்சு விடுவார்கள். அன்று 3 கோடி புரட்ட முடியாத கிளப், பிற்காலத்தில் அதைப் போலப் பல மடங்கு செலவழித்துக் கட்ட வேண்டி வந்தது. வங்கியில் இதைத் தினமும் பார்த்திருக்கிறேன். மார்ஜின் பணம் இல்லாமல் நல்ல கடன் நழுவிப் போகும். பிறகு அவசரத்தில் மோசமான கடன் வந்து சேரும்.

இரண்டாவது முயற்சி, கர்க்பி. வாதம் சூடு பிடித்தது இங்கேதான். கர்க்பி என்பது லிவர்பூல் நகர எல்லைக்கு வெளியே, நோஸ்லி என்ற பக்கத்து நகராட்சியில் இருக்கும் ஊர். டெஸ்கோ என்ற பெரிய சூப்பர்மார்க்கெட் நிறுவனம் அங்கே ஒரு பிரம்மாண்டக் கடை கட்டும். அதோடு சேர்த்து 50,000 பேருக்கான மைதானமும் எழும். கடை வளாகத்தால் நிலத்தின் மதிப்பு ஏறும், அந்த லாபத்தில் மைதானச் செலவின் பெரும்பகுதி ஈடாகும் என்பது கணக்கு. ஏறக்குறைய இலவசமாகக் கிடைக்கிற மைதானம் என்பது போலத்தான் ஆரம்பத்தில் பேச்சு இருந்தது. பின்னால் பொது விசாரணைக்குப் போனபோது கிளப்பின் பங்கே 7 கோடி பவுண்டுக்கு மேல் என்று ஆனது.

2007 ஆகஸ்ட் மாதம் ரசிகர்களிடையே வாக்கெடுப்பு நடத்தினார்கள். சுமார் 59 சதவீதம் பேர் சரி என்றார்கள், 41 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். இதை விட்டால் வேறு வழி இல்லை என்பது நிர்வாகத் தரப்பின் வாதம். எவர்ட்டனை நம் நகரத்திலேயே வைத்திருப்போம் என்ற பொருளில் பெயர் வைத்த ஒரு ரசிகர் இயக்கம் எதிர்ப்பக்கம் நின்றது.

இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. போகலாம் என்றவர்கள் சொன்னார்கள்: போருக்குப் பிறகு லிவர்பூலின் நெரிசலான தெருக்களிலிருந்து குடும்பம் குடும்பமாகக் கர்க்பிக்குத்தானே குடியேற்றினார்கள், அங்கே இருப்பவர்களும் நம் ஜனம்தானே? காசு இல்லாத கிளப்புக்கு இதைவிட மலிவான வழி ஏது? வேண்டாம் என்றவர்கள் பதில் சொன்னார்கள்: நகரத்தின் பழைய கிளப் நகரத்தை விட்டு வெளியேறினால், ஊர் முழுவதையும் லிவர்பூல் கிளப்புக்குத் தாரை வார்த்தது போல ஆகாதா? அதோடு, மேட்ச் முடிந்ததும் அத்தனை பேர் எப்படி வீடு திரும்புவார்கள்?

இந்தக் கடைசிக் கேள்வியைக் கொஞ்சம் கவனியுங்கள். கர்க்பி அப்போது மெர்சிரெயில் பாதையின் கடைசி நிலையம். கணக்குக்காக ஒரு ரயிலில் ஆயிரம் பேர், பத்து நிமிஷத்துக்கு ஒரு ரயில் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் ஆறாயிரம் பேர் போகலாம். மைதானத்திலிருந்து வெளியே வருவதோ ஐம்பதாயிரம் பேர். மீதிப் பேர் பஸ்ஸில், காரில், நடந்து போக வேண்டும். தூரத்தில் காரை நிறுத்திவிட்டுப் பஸ்ஸில் வரும் ஏற்பாடு, உள்ளூர்த் தெருக்களில் பார்க்கிங் கட்டுப்பாடு என்றெல்லாம் திட்டம் போட்டார்கள். ஆட்டத்துக்கு வரும்போது கூட்டம் மூன்று மணி நேரத்தில் சிறுகச் சிறுக வரும். போகும்போது எல்லோரும் ஒரே நிமிஷத்தில் எழுந்திருப்பார்கள். அதனால் ஒரு மைதானத்தின் போக்குவரத்தைச் சோதிக்க வேண்டியது ஆட்டம் முடிந்த பிறகு வரும் அந்த ஒரு மணி நேரத்தில்தான். நம் வளாகத்துக் கல்யாண மண்டபத்தில் முகூர்த்தம் முடிந்து பந்தி எழுந்ததும் கேட்டில் என்ன ஆகிறது என்று உங்களுக்கே தெரியும்.

2009 நவம்பரில் மத்திய அரசு கர்க்பி திட்டத்துக்கு அனுமதி மறுத்தது. அத்தனை பெரிய கடை வளாகம் சுற்றுவட்டார ஊர்களின் கடைவீதிகளை நசுக்கிவிடும் என்பது அதில் முக்கியக் காரணம். மைதானத்துக்குப் பணம் தர வேண்டிய கடையே மைதானத்தைக் கவிழ்த்துவிட்டது. வாக்கெடுப்பில் 59 சதவீதம் வாங்கிய திட்டம் இது. உறுப்பினர்கள் ஒப்புக்கொண்டால் மட்டும் போதாது, பக்கத்து ஊர்க்காரனுக்கு என்ன ஆகும் என்பதையும் ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

நடுவில் வால்டன் ஹால் பார்க் என்று ஒரு யோசனை வந்து, 2016-இல் அதுவும் போனது. அதே வருஷம் ஃபர்ஹாத் மோஷிரி என்ற பணக்காரர் கிளப்பில் பங்கு வாங்கினார். 2017-இல் பிராம்லி மூர் டாக் என்ற பழைய கப்பல்துறையைத் தேர்ந்தெடுத்தார்கள். நகரத்துக்குள்ளேயே, ஆற்றங்கரையில். 2018, 2019-இல் இரண்டு கட்டமாகப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டார்கள். 60,000-க்கு மேற்பட்ட பதில்கள் வந்தன. பேராதரவு.

இனி பணத்துக்கு வருகிறேன். செயலாளர் முறைக்கிறார், இருந்தாலும் வருகிறேன்.

முதலில், 2017-இல், லிவர்பூல் மாநகராட்சி ஜாமீன் நிற்கும் என்று ஒரு யோசனை. கடன் வாங்குவது கிளப் தரப்பு, ஜாமீன் மாநகராட்சி, அதற்காக மாநகராட்சிக்கு வருஷா வருஷம் ஒரு கட்டணம். பிறகு 2018-இல், மாநகராட்சியே சுமார் 28 கோடி பவுண்டு கடன் வாங்கிக் கிளப்புக்கு மறுகடன் கொடுத்து, வட்டி வித்தியாசத்தில் லாபம் பார்க்கலாம் என்று பேசினார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஜாமீன் கையெழுத்து என்றால் என்ன? கடன் வாங்கியவன் கட்டும்வரை உங்களுக்கு ஒன்றுமில்லை. அவன் நிறுத்திய அன்றே முழுக் கடனும் உங்களுடையது. நகரத்தில் கால்பந்தே பார்க்காதவர்கள் இருக்கிறார்கள், சிவப்புச் சட்டை லிவர்பூல் ரசிகர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்கள் கட்டும் வரியும் அந்த ஜாமீனுக்குள் அடக்கம். கடைசியில் அந்த யோசனை நடக்கவில்லை. தனியார் பணத்திலேயே கட்டினார்கள்.

பொதுப் பணத்தில் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு லண்டனில் ஒரு பாடம் இருக்கிறது. 2012 ஒலிம்பிக் மைதானத்தைக் கால்பந்துக்கு ஏற்றபடி மாற்றி வெஸ்ட்ஹாம் கிளப்புக்கு 99 வருஷக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். மாற்றிய செலவு 32.3 கோடி பவுண்டு. கிளப் கொடுத்தது 1.5 கோடி. வாடகை வருஷத்துக்குச் சுமார் 25 லட்சம் பவுண்டு. மீதியும், அதன் பிறகு வரும் பராமரிப்புச் செலவும் பெரும்பாலும் பொதுமக்கள் தலையில். வெஸ்ட்ஹாம் ரசிகர்களைக் கேட்டால் அவர்களுக்கும் முழுத் திருப்தி இல்லை. ஓட்டப்பந்தயத்துக்காகக் கட்டிய இடம், ஆட்டக்காரர்கள் வெகு தூரத்தில் தெரிகிறார்கள் என்பார்கள். கொடுத்தவனுக்கும் நஷ்டம், வாங்கியவனுக்கும் குறை.

அப்படியானால் தனியார் பணம் என்றால் நிம்மதியா? அதுவும் இல்லை. எவர்ட்டன் கணக்கில் மோஷிரியின் வட்டியில்லாக் கடன் பெரும்பங்காக இருந்தது. அவரது நெடுநாள் கூட்டாளி, ரஷ்யப் பெரும் பணக்காரர் அலிஷர் உஸ்மானோவ். அவருடைய நிறுவனம் புது மைதானத்துக்குப் பெயர் வைக்கும் உரிமையில் முன்னுரிமை கேட்டு, 2020-இல் 3 கோடி பவுண்டு கொடுத்தது. பெயர் வைக்க அல்ல, பெயர் வைக்க முதல் வாய்ப்புக்கு மட்டும்! 2022-இல் உக்ரைன் போர் வந்தது. உஸ்மானோவ் மீது பிரிட்டிஷ் அரசு தடை விதித்தது. கிளப் அவர் நிறுவனங்களோடு இருந்த விளம்பர ஒப்பந்தங்களை நிறுத்திவைத்தது. ஆற்றங்கரையில் வேலை பாதியில் இருக்கிறது, எங்கோ நடந்த போரில் வருமானம் அடைபட்டுவிட்டது. ஒரே பெரிய மனிதரை நம்பிப் பட்ஜெட் போட்டால் வரும் ஆபத்து இது.

அடுத்து வெளியில் கடன் வாங்கினார்கள், ஒருவரிடம் இல்லை, பலரிடம். செலவும் ஏறியது. ஆரம்பத்தில் 50 கோடி பவுண்டு என்றார்கள். முடியும்போது 75 கோடி அல்லது அதற்கும் மேல் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் தொகை.

இந்த இடத்தில் ஒரு சின்னக் கணக்கு விவகாரம். அப்போதிருந்த பிரீமியர் லீக் விதிப்படி ஒரு கிளப் மூன்று வருஷத்தில் 10.5 கோடி பவுண்டுக்கு மேல் நஷ்டம் காட்டக் கூடாது என்று இருந்தது. மைதானம் கட்டும் செலவு அந்த நஷ்டக் கணக்கில் சேராமல் இருந்தது. எவர்ட்டனின் நஷ்டம் 12.45 கோடி என்று கணக்கானது, அதாவது வரம்பைவிட 1.95 கோடி அதிகம். நாங்கள் கட்டிய வட்டியில் ஒரு பகுதி மைதானத்துக்கானது, அதைக் கழித்துவிடுங்கள் என்று கிளப் வாதாடியது. விசாரணைக் குழு ஒப்பந்தத்தைப் பிரித்துப் பார்த்தது. வட்டி கட்டிய அந்தக் கடன்கள் நடைமுறை மூலதனத்துக்காக வாங்கியவை. வாதம் நிற்கவில்லை. 2023 நவம்பரில் 10 புள்ளிகள் வெட்டு. மேல்முறையீட்டில் 6 ஆகக் குறைந்தது. அடுத்த கணக்கு வருஷத்துக்காக மேலும் 2 புள்ளிகள் போயின. கடன் வாங்கிய காரணம் என்ற ஒரு வரியை ஃபாரத்தில் நிரப்பச் சொல்லி கௌண்டரில் நான் கெஞ்சியதெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது. அந்த வரி எவ்வளவு கனமானது என்று பாருங்கள். ஆட்டக்காரன் வியர்வை சிந்தி வாங்கிய புள்ளி, அலுவலகத்துக் காகிதத்தில் கரைந்து போனது. நல்லவேளையாக அந்த வருஷம் அவர்கள் கீழ்ப்பிரிவுக்கு இறங்கவில்லை. இறங்கியிருந்தால் டிவி வருமானம் சரிந்து, கட்டிக்கொண்டிருந்த மைதானத்தின் கடனை யார் கட்டுவது என்ற கேள்வி எழுந்திருக்கும்.

2024 டிசம்பரில் ஃப்ரீட்கின் குழுமம் என்ற அமெரிக்க நிறுவனம் கிளப்பை வாங்கியது. சிதறிக் கிடந்த கடன்களை நீண்டகாலக் கடனாக மாற்றினார்கள். 2025 மே 18 அன்று குடிசன் பார்க்கில் ஆண்கள் அணியின் கடைசி ஆட்டம். ஆகஸ்ட் 24 அன்று புது மைதானத்தில் முதல் லீக் ஆட்டம், பிரைட்டன் அணியோடு. 2-0 என எவர்ட்டன் ஜெயித்தது. பழைய மைதானத்தை இடிக்கவில்லை. அது பெண்கள் அணிக்குப் போய்விட்டது. என்னைக் கேட்டால் முழுக் கதையிலும் எடுத்த நல்ல முடிவுகளில் அது ஒன்று.

இழப்பும் உண்டு. 2021 ஜூலையில் யுனெஸ்கோ லிவர்பூல் துறைமுகப் பகுதியை உலகப் பாரம்பரியப் பட்டியலிலிருந்து நீக்கியது. ஆற்றங்கரையில் வரும் புதுக் கட்டடங்களும் இந்த மைதானத் திட்டமும் சொல்லப்பட்ட காரணங்கள். 2023-இல் கட்டுமான இடத்தில் நடந்த விபத்தில் ஒரு தொழிலாளி உயிரிழந்தார். இவை எந்த பேலன்ஸ் ஷீட்டிலும் வராத செலவுகள்.

சரி, ரயில் என்ன ஆயிற்று? புது மைதானத்தில் சுமார் 53,000 பேர் உட்காரலாம். பக்கத்து ரயில் நிலையம் சாண்ட்ஹில்ஸ், பதினைந்து நிமிஷ நடை. அது சின்ன நிலையம். அதனால் வெளியே தடுப்புகள் வைத்து வரிசையில் நிற்கும் இடம் ஒன்று அமைத்தார்கள். நகர மையத்துக்குப் பஸ் விட்டார்கள். முடிந்தவர்கள் நடக்கலாம், அரை மணி நேரம் ஆகும். ஒரேயடியாகத் திறக்காமல் முதலில் 10,000 பேர், அடுத்து 25,000 பேர், அப்புறம் முழுக் கூட்டம் என்று சோதனை ஆட்டங்கள் வைத்தது புத்திசாலித்தனம். அப்படியும் வரிசை நீளமாக இருக்கிறது என்ற முணுமுணுப்பு ஓயவில்லை.

குடியிருப்பவர்கள் என்ற முறையில் நமக்கு முக்கியமானது பார்க்கிங். மைதானத்தைச் சுற்றி அரை மணி நேர நடை தூரத்துக்கு, மேட்ச் நாளில் தெருவில் குடியிருப்பவர்களுக்கு மட்டும் பார்க்கிங் என்று மாநகராட்சி சோதனை முறையில் கொண்டுவந்தது. குடியிருப்பவர்களுக்கு நிம்மதி. ஆனால் அங்கே கடை வைத்திருப்பவர்கள், பட்டறை நடத்துபவர்கள், எங்கள் வாடிக்கையாளர் வண்டியை எங்கே நிறுத்துவார் என்று கொதித்தார்கள். ஒருவர் வாசலில் வண்டி நிற்கக் கூடாது என்றால் அது இன்னொருவர் வாசலில் நிற்கும். விசிட்டர் பார்க்கிங் விஷயத்தில் நாம் கண்ட உண்மைதான் இது.

பிரைட்டன் கிளப் இதை வேறு விதமாகச் செய்தது. அவர்கள் பழைய மைதானம் 1997-இல் கைவிட்டுப் போய், அந்த இடம் கடை வளாகமானது. இரண்டு வருஷம் வெகு தூரத்து ஜில்லிங்கமில் ஆடினார்கள், பிறகு ஓர் ஓட்டப்பந்தய மைதானத்தில் பல வருஷம். ரசிகர்கள் விடாமல் போராடி, 2011-இல் ஃபால்மரில் சொந்த மைதானம் பெற்றார்கள். பக்கத்தில் ரயில் நிலையம். மேட்ச் டிக்கெட் வைத்திருந்தால் குறிப்பிட்ட எல்லைக்குள் ரயிலும் பஸ்ஸும் தனிக் கட்டணம் இல்லாமல் என்று ஏற்பாடு. காரில் வராதே என்று சொல்வதோடு நிற்காமல், காரில் வருவதைவிட ரயிலில் வருவது லாபம் என்று ஆக்கினார்கள். போக்குவரத்தைக் கட்டடத்தின் ஓர் அங்கமாகவே பட்ஜெட்டில் வைத்தார்கள்.

நம்மிடம் மைதானம் கட்டும் அளவுக்குக் கார்பஸ் ஃபண்டு இல்லை, பொருளாளர் பயப்பட வேண்டாம். ஆனால் லிஃப்ட் மாற்றுவது, சோலார் போடுவது, வெளிப்பூச்சு என்று பெரிய செலவுகள் நம் முன்னாலும் வரும். அப்போது கூட்டத்தில் நான்கு கேள்விகளை எழுந்து கேளுங்கள். ஒன்று, மொத்தம் எவ்வளவு, மதிப்பீட்டைத் தாண்டினால் அந்த மிச்சம் யாருடையது? இரண்டு, பணம் தருகிறேன் என்பவர் தராவிட்டால் யார் கட்டுவது? மூன்று, ஒப்பந்தத்தில் இந்தப் பணம் எதற்கு என்று எழுதியிருக்கிறது? நான்கு, வேலை முடிந்த பிறகு தினமும் வந்து போகிறவருக்கு வழி எது? நாலுக்கும் பதில் எழுத்தில் வந்த பிறகு கையைத் தூக்குங்கள். வாயால் சொன்ன பதிலுக்கு மினிட்ஸ் புத்தகத்தில் மதிப்பில்லை.

அந்த எவர்ட்டன் ரசிகர்கள் தங்கள் கிளப் மீது பிரியம் இல்லாததால் கேள்வி கேட்கவில்லை. தாத்தா உட்கார்ந்த இருக்கையில் பேரன் உட்கார வேண்டும் என்ற ஆசையில்தான் 2007-இல் வேண்டாம் என்று ஓட்டுப் போட்டார்கள், அதே ஆசையில்தான் 2019-இல் சரி என்று எழுதிக் கொடுத்தார்கள். கேள்வி கேட்பவரை எதிரி என்று நினைக்காத நிர்வாகமும், பதில் கிடைத்த பிறகு ஒத்துழைக்கிற உறுப்பினரும் இருந்தால் எந்தக் கட்டடமும் நிற்கும்.

நேரம் தாண்டிவிட்டது. கேள்விகள் இருந்தால் டீ குடித்துக்கொண்டே பேசலாம். கோல் பற்றிய கேள்விகளைத் தம்பிகளிடம் கேளுங்கள், வட்டி பற்றியதை மட்டும் என்னிடம் கேளுங்கள்.